யோகத்தின் அடிப்படையும் வகுப்பு நடத்தும் முறையும்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ந் தேதி சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று காலை நாடெங்கும் பள்ளி மைதானங்களிலும் பஞ்சாயத்து அலுவலக முற்றங்களிலும் மக்கள் வரிசையாக நின்று ஆசனங்கள் செய்கின்றனர். விழா ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மறுநாள் முதல் அதை வகுப்பாக நடத்திச் செல்லும் பொறுப்பு, பல இடங்களில், யோகத்தில் தனிப் பயிற்சி பெறாத ஓர் ஆசிரியரிடமோ கள ஊழியரிடமோ வந்து சேருகிறது. அவர் கையில் இருப்பவை ஒரு சுவர்ப்படமும் ஒரு சிறு கைப்புத்தகமுமே.

சுவர்ப்படத்தில் ஆசனத்தின் உருவம் தெரியும். ஆசனத்தில் இருப்பவரின் மூச்சு தெரியாது. உருவத்தை மட்டும் பார்த்து நடத்தப்படும் வகுப்பில், முதுகு எளிதில் வளையாத சிறுவன் வெட்கத்தால் தன்னை வருத்திக்கொள்கிறான். இரத்த அழுத்தம் மிகுந்த முதியவர், பிறர் செய்வதைக் கண்டு தாமும் தலைகீழாக நிற்க முயல்கிறார். நன்மை கருதித் தொடங்கிய காரியம் தீங்கில் முடிவது இவ்வாறுதான். யோக நூல்களின் அடிப்படையையும் உடலியல் ஆராய்ச்சியின் முடிவுகளையும் சேர்த்து நோக்கினால், உருவத்தைவிட நம்பத்தக்க அளவுகோல் ஒன்று ஆசிரியருக்கு உண்டு என்பது விளங்கும். அது மாணவரின் மூச்சு. அந்த அளவுகோலைக் கொண்டு வகுப்பை அமைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எட்டு உறுப்புகள்

யோகம் என்னும் சொல், இணைத்தல், ஒருமுகப்படுத்தல் என்ற பொருள்களைத் தரும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்கு பாதங்களைக் கொண்ட சிறு நூல். பாடபேதத்தைப் பொறுத்து அதில் 195 அல்லது 196 சூத்திரங்கள் உள்ளன. யோகத்தின் உறுப்புகள் எட்டு என அந்நூல் வகுக்கிறது. அவை இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. தமிழிலும் இம்மரபு தொன்மையானது. திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இவ்வெட்டு உறுப்புகளையும் முறையே விளக்குகிறது.

இவ்வரிசையில் ஆசனம் மூன்றாவதாகவே வருகிறது என்பதை ஆசிரியர் கருத்தில் கொள்ள வேண்டும். அதற்கு முன் நிற்பவை ஒழுக்கங்கள். இயமம் ஐந்து: கொல்லாமை அல்லது இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், பிறர் பொருளை வேண்டிக் குவியாமை. நியமம் ஐந்து: தூய்மை, மனநிறைவு, தவம், நூல் ஓதித் தன்னை அறிதல், இறைவனிடம் ஒப்படைத்தல்.

இவை துறவிகளுக்கு உரியவை, பள்ளி வகுப்புக்கு இவற்றால் பயன் என்ன என்று சிலர் வினவலாம். வகுப்பறையிலேயே இவற்றுக்கு நேரடியான பொருள் உண்டு. இன்னா செய்யாமை தன் உடலிடமிருந்தே தொடங்குகிறது. வலிக்கும் மூட்டை மேலும் மடக்குவது அதற்கு மாறானது. வாய்மை என்பது, இயலாததை இயன்றதுபோல் காட்டாதிருத்தல். "எனக்கு வலிக்கிறது" என்று அச்சமின்றிக் கூறுதல். பிறர் பொருளை விரும்பாமை என்பது, அடுத்தவரின் வளைவைக் கண்டு அதை நாடாதிருத்தல். மனநிறைவு என்பது இன்று எட்டிய எல்லையில் அமைதி கொள்ளுதல். முதல் வாரத்திலேயே இவற்றை எளிய சொற்களில் எடுத்துரைக்கும் ஆசிரியர், பின்னால் நேரக்கூடிய காயங்களில் பெரும்பகுதியை முன்கூட்டியே தடுத்துவிடுகிறார்.

ஆசனம் என்பது யாது?

யோக சூத்திரம் ஆசனத்தைப் பற்றி மூன்று சூத்திரங்களே கூறுகிறது. அவற்றின் கருத்தாவது: ஆசனம் அசைவற்றதாகவும் இருக்க வேண்டும், சுகமானதாகவும் இருக்க வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர்வதால் அது கைகூடும். எந்த ஆசனத்தின் பெயரையும் சூத்திரம் குறிப்பிடவில்லை. 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. அதற்குப் பிற்பட்ட கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைக் கூறுகிறது.

இன்று வகுப்புகளில் பயிலப்படும் முறை பெரிதும் 20-ம் நூற்றாண்டில் உருவானது. ஸ்ரீ யோகேந்திரர் 1918-ல் பம்பாயில் யோகா நிறுவனத்தைத் தொடங்கினார். சுவாமி குவலயானந்தர் 1924-ல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார், பின்னர் சென்னையில் குடியேறி, 1989-ல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்களே. அவருடைய பயிற்சி முறையில், ஒவ்வோர் அசைவும் உள்மூச்சுடனோ வெளிமூச்சுடனோ இணைக்கப்பட்டிருந்தது.

ஆகவே, ஆசனங்களின் எண்ணிக்கையும் உருவமும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மாறாதிருப்பது "அசைவின்மை, சுகம்" என்னும் இரட்டை நிபந்தனையே. அசைவின்மையைக் கண்ணால் காணலாம். சுகத்தைக் காண்பது எங்ஙனம்? மூச்சைக் கொண்டுதான். சீராக, ஓசையின்றி, மூக்கின் வழியே ஓடும் மூச்சு சுகத்தின் அடையாளம். தடைப்பட்ட மூச்சும் இரைக்கும் மூச்சும், அந்த ஆசனம் அப்பொழுது அம்மாணவருக்கு உரியதன்று என்பதைக் காட்டும்.

ஆராய்ச்சிக்கூடத்தின் சாட்சியம்

யோகத்தை விஞ்ஞான முறையில் அளந்தறியும் முயற்சி நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிற்று. குவலயானந்தர் 1920-களில் எக்ஸ்-ரே கருவியையும் அழுத்தமானியையும் கொண்டு, உட்டியானம், நௌலி ஆகிய வயிற்றுப் பயிற்சிகளை ஆராய்ந்தார். நௌலியின்போது பெருங்குடலினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே இறங்குவதை அழுத்தமானி காட்டியது. இத்தகைய ஆய்வுகளை வெளியிடுவதற்காக அவர் 1924-லேயே "யோக மீமாம்சா" என்னும் பத்திரிகையைத் தொடங்கினார்.

வகுப்பாசிரியருக்கு இன்னும் நெருங்கிய பாடம் 1961-ல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து கிடைக்கிறது. தம் விருப்பப்படி இருதயத்தை நிறுத்த வல்லவர்கள் எனப் பெயர் பெற்ற யோகிகளை, அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெங்கர், பாக்சி, புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த் ஆகிய மூவரும் பரிசோதித்தனர். மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை. இருதய ஒலியும் கேட்கவில்லை. ஆயினும் மின்பதிவுக் கருவி, இருதயம் தொடர்ந்து இயங்கிக்கொண்டே இருந்ததைக் காட்டிற்று. நேர்ந்தது இதுதான்: மூச்சை உள்ளே அடக்கி, மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கும்பொழுது மார்பினுள் அழுத்தம் உயர்கிறது. அதனால் சிரைகளின் வழியே இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. இருதயம் துடித்தாலும் வெளியே அனுப்புவதற்குப் போதிய இரத்தம் அதனிடம் இல்லை. எனவே நாடி மறைகிறது.

இது யோகிகளுக்கு மட்டும் உரிய விந்தையன்று. குனிந்து கால்விரலைத் தொடுவதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு முக்கும் மாணவனிடமும் இதே நிகழ்ச்சி சிறு அளவில் நடைபெறுகிறது. இறுக்கம் நீடிக்கும்பொழுது மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தலை சுற்றலாம்; மூச்சை விட்டவுடன் இரத்த அழுத்தம் திடீரென உயரலாம். இளம் உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். இருதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள பெரியவருக்கு இது ஆபத்தாகக்கூடும். வகுப்பில் ஆசிரியர் முதன்முதல் கவனிக்க வேண்டியது அடைபட்ட மூச்சையே என்பதற்கு உடலியல் காரணம் இது.

மூச்சின் கணக்கு

ஓய்வாக இருக்கும் வயது வந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் உள்ளே செல்லும் காற்று ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். இதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே தங்கி, இரத்தத்தோடு கலவாமல் திரும்பிவிடுகிறது. இதை மனத்திற்கொண்டு ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்றை மூவர் மூன்று விதமாக உட்கொள்வதாகக் கொள்வோம்.

முதலாமவர் 250 மில்லிலிட்டர் வீதம் 24 முறை மேலோட்டமாக மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் 100 மில்லிலிட்டரே நுரையீரலின் சிற்றறைகளை அடைகிறது. மொத்தம் 2,400 மில்லிலிட்டர். இரண்டாமவர் 500 மில்லிலிட்டர் வீதம் 12 முறை மூச்சு விடுகிறார். அவருக்குப் பயன்படுவது 4,200. மூன்றாமவர் 1,000 மில்லிலிட்டர் வீதம் 6 முறை ஆழ்ந்து மூச்சு விடுகிறார், அவருக்கு 5,100. உட்கொண்ட காற்று மூவருக்கும் ஒன்றே, பயன்தான் வேறு. மெதுவான, ஆழ்ந்த மூச்சு ஏன் சிக்கனமானது என்பதும், தவறான நிலையில் இரைக்கும் மாணவர் ஏன் விரைவில் களைக்கிறார் என்பதும் இக்கணக்கால் விளங்கும். கரும்பலகையில் எழுதிக் காட்டத் தக்க கணக்கு இது.

இதிலிருந்து, பிராணாயாமத்தால் இரத்தத்தில் பிராணவாயு பன்மடங்கு பெருகும் என்று முடிவு செய்துவிடலாகாது. நலமுள்ளவரின் தமனி இரத்தம் சாதாரண மூச்சிலேயே தான் ஏற்கக்கூடிய பிராணவாயுவில் 95 சதவீதத்துக்கும் மேல் பெற்றுவிடுகிறது. வேகமாகவும் ஆழமாகவும் இடைவிடாது மூச்சு விட்டால் பிராணவாயு கூடுவதைவிடக் கரியமிலவாயு குறைவதே மிகுதி. அதன் விளைவாக மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி மயக்கமும், விரல்களிலும் உதடுகளிலும் மதமதப்பும் தோன்றும். இதை "சக்தி ஏறுகிறது" என்று மாணவர் எண்ணலாம். ஆசிரியர் உடனே நிறுத்திச் சாதாரண மூச்சுக்குத் திருப்ப வேண்டும்.

மெதுவான மூச்சின் உண்மையான பயன் நரம்புகளின் வழியே வருகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இருதயத் துடிப்பு சற்று விரைவுபடும். வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயலால் சற்றுத் தணியும். இது இளம் பருவத்தினரிடம் தெளிவாகத் தெரியும். மணிக்கட்டில் விரல் வைத்து, நீண்ட வெளிமூச்சு விடும்பொழுது நாடி தணிவதை மாணவர்கள் தாமே உணரலாம். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் மொழியில் செபமாலை ஓதியபோதும், பௌத்த மந்திரம் ஒன்றை ஓதியபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவை ஒட்டித் தணிந்தது. இரத்த அழுத்தத்தைச் சீர்படுத்தும் அனிச்சைச் செயலும் கூர்மை பெற்றது. பயன், ஓதிய சொல்லின் சமயத்தைச் சார்ந்து நிற்கவில்லை. மூச்சின் நடையைச் சார்ந்து நின்றது. பல சமயத்துப் பிள்ளைகள் கூடியிருக்கும் வகுப்பில் இவ்வுண்மை ஆசிரியருக்குப் பெரிதும் உதவும். ஓதுதலை எவர்மீதும் கட்டாயப்படுத்த வேண்டுவதில்லை. எண்களை மெல்ல எண்ணினாலும் போதுமானது.

வகுப்புக்கு முன்

இடம் சமதரையாகவும் காற்றோட்டமாகவும் இருத்தல் வேண்டும். ஒருவருக்கு இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் இருந்தால் கை கால்களைத் தடையின்றி நீட்டலாம். தனித்தனி விரிப்புகள் இல்லாவிடில் ஜமக்காளம் போதும். ஆனால் சிமெண்டுத் தரையில் வழுக்கும் விரிப்பின்மேல் நின்று செய்யும் ஆசனங்களைச் செய்விக்கலாகாது. அவற்றை வெறுங்காலுடன் தரையில் நின்று செய்வதே நன்று. வரிசைகளை ஒன்று விட்டு ஒன்று தள்ளி அமைத்தால், ஆசிரியரை எல்லாரும் காணலாம். ஆசிரியரும் எல்லார் முகத்தையும் காணலாம். பின்னதே முக்கியம்.

முழு உணவு உண்டபின் மூன்று மணி நேரமேனும் கழிந்திருக்க வேண்டும். மதிய உணவு முடிந்த உடனே வரும் பாடவேளையை யோகத்துக்கு ஒதுக்கலாகாது. காலையின் முதல் பாடவேளையோ மாலையின் கடைசிப் பாடவேளையோ ஏற்றது. காலையில் வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் நடந்து வரும் பிள்ளைகள் இருந்தால், சிறிது சிற்றுண்டி அளித்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். பசியால் மயங்கும் குழந்தைக்கு யோகம் மருந்தன்று.

முதல் வகுப்புக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியே சில வினாக்கள் கேட்டறிதல் அவசியம்: அண்மையில் அறுவை சிகிச்சை, குடலிறக்கம், எலும்பு முறிவு, வலிப்பு, ஆஸ்துமா, இருதய நோய், இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கருவுற்றிருத்தல். வகுப்பின் நடுவே பலர் முன்னிலையில் கேட்டால் உண்மை வெளிவராது. ஐயம் இருக்குமாயின் மருத்துவரின் கருத்தைப் பெற்ற பின்னரே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது நிமிடப் பாடம்

பள்ளியின் ஒரு பாடவேளைக்குப் பொருந்துமாறு பின்வரும் ஒழுங்கை அமைத்துக்கொள்ளலாம்.

முதல் 3 நிமிடம்: அமர்ந்து கண்களை மூடி, மூச்சை மாற்றாமல் கவனித்தல்.

அடுத்த 6 நிமிடம்: கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளை மெல்ல அசைத்துத் தளர்த்துதல். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைத்தால் போதும்.

அடுத்த 8 நிமிடம்: நின்று செய்பவை. தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம்.

அடுத்த 5 நிமிடம்: அமர்ந்து செய்பவை. வஜ்ராசனமும், முழங்கால்களைச் சற்று மடக்கிய நிலையில் முன்குனிதலும்.

அடுத்த 7 நிமிடம்: குப்புறப் படுத்துப் புஜங்காசனம், சலபாசனம், மல்லாந்து பவனமுக்தாசனம். பின்வளைவுக்குப் பின் முன்மடக்கம் வருமாறு அமைத்திருப்பது முதுகெலும்பு சமநிலை பெறுவதற்காக.

அடுத்த 5 நிமிடம்: சவாசனம்.

அடுத்த 4 நிமிடம்: அமர்ந்து மூச்சுப் பயிற்சி. உள்மூச்சுக்கு மூன்று எண்ணிக்கை, வெளிமூச்சுக்கு நான்கு எண்ணிக்கை. மூச்சை நிறுத்தி வைத்தல் இல்லை.

கடைசி 2 நிமிடம்: மாணவர் தாம் உணர்ந்ததைக் கூறுதல்.

நேரம் குறையுமாயின் ஆசனங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், சவாசனத்தைக் குறைக்கலாகாது. புதிய ஆசனம் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டே போதும். பன்னிரண்டு ஆசனங்களை ஓட்டமாகச் செய்வதைவிட ஐந்து ஆசனங்களை அமைதியாகச் செய்வது, மேலே கூறிய இரட்டை நிபந்தனைக்கு ஏற்றது.

கற்பிக்கும் முறை

ஒவ்வோர் ஆசனத்துக்கும் மூன்று பகுதிகள் உண்டு: நிலைக்குச் செல்லுதல், நிலையில் இருத்தல், நிலையிலிருந்து மீளுதல். மீளும் வழியை முதலில் கற்பிப்பது சிறந்தது. திரும்பும் வழி தெரிந்தவன் அஞ்சுவதில்லை. அஞ்சாதவன் மூச்சை அடக்குவதில்லை.

ஆசிரியர் முதலில் பேசாமல் ஒரு முறை செய்து காட்டுக. மாணவர் அப்போது கண்ணால் மட்டும் கற்கட்டும். இரண்டாம் முறை, மூச்சின் போக்கைச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுக. மூன்றாம் முறை, தாம் செய்யாமல் மாணவரைச் செய்யச் சொல்லி நடந்து பார்வையிடுக. தாமும் உடன் செய்துகொண்டே இருக்கும் ஆசிரியரால் வகுப்பைக் காண இயலாது. குனிந்திருப்பவருக்குத் தெரிவது தம் முழங்காலே.

கட்டளைகள் குறுகியனவாக இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஓர் அசைவு, ஒரு மூச்சு. "மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை உயர்த்துங்கள்." "மூச்சை விட்டுக்கொண்டே மெல்லக் குனியுங்கள்." பொதுவாக, மார்பு விரியும் அசைவுகளில் உள்மூச்சும், வயிறு மடங்கும் அசைவுகளில் வெளிமூச்சும் பொருந்தும். "இன்னும் குனி, இன்னும் குனி" என்னும் ஊக்குவிப்பு வேண்டாம். "மூச்சு ஓடுகிறதா?" என்று கேட்பதே சரியான ஊக்கம்.

அசைவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதற்கும் உடலியல் காரணம் உண்டு. தசையினுள் அதன் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசையை வெடுக்கென இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. தசை உடனே தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. நீட்ட விரும்பியவர் சுருக்கத்தையே பெறுகிறார்; தசை கிழியவும் கூடும். மெல்லச் சென்று சில மூச்சுகள் தங்கினால் இவ்வெதிர்ச்செயல் அடங்கித் தசை தளர்கிறது. ஆகவே மாணவரின் முதுகைப் பின்னாலிருந்து அழுத்திக் குனியவைத்தல் அறவே கூடாது.

திருத்தம் முதலில் பொதுச் சொல்லால் அமையட்டும். பின்னர் அருகில் சென்று தாழ்ந்த குரலில். அதன் பிறகே, தேவையானால், அனுமதி கேட்டுக் கைத்துணை. வகுப்பைப் பார்வையிடும்போது ஆசிரியர் காண வேண்டிய அறிகுறிகள் சில: மூக்கு விரிதல், வாய் திறத்தல், தாடை இறுகுதல், நெற்றி சுருங்குதல், கழுத்து நரம்பு புடைத்தல், கை கால் நடுங்குதல், முகம் வெளுத்தல் அல்லது மிகச் சிவத்தல். இவற்றில் எது தென்பட்டாலும் மாணவரைப் பாதி வழி திரும்பச் சொல்ல வேண்டும். ஐயம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. ஆசனத்தில் இருக்கும்பொழுதே மாணவரை ஒன்று முதல் ஐந்து வரை சாதாரணக் குரலில் எண்ணச் சொல்க. திணறாமல் எண்ணினால் நிலை சரியானது. திணறினால், உருவம் சுவர்ப்படத்தை எவ்வளவுதான் ஒத்திருந்தாலும் நிலை தவறானது.

தவிர்க்க வேண்டியவை

சிரசாசனத்தைப் பொது வகுப்பில் கற்பிக்கலாகாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, சிரசாசனத்தின்போது கண்ணினுள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதைக் காட்டிற்று. கண் அழுத்த நோய் உள்ளவருக்கு இது பார்வையைப் பறிக்கும் அபாயம்; அந்நோய் தமக்கு இருப்பதை அறியாதவர்களும் பலர். கழுத்தின்மேல் உடற்பாரம் சாயும் சர்வாங்காசனம் முதலியவற்றையும், தேர்ந்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொருவரையும் தனியே மேற்பார்வையிட முடிந்தால் மட்டுமே பயிற்றலாம். மூச்சை நிறுத்தி வைக்கும் கும்பகமும், பஸ்திரிகை, கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளும் சிறுவர்க்கும் கருவுற்றோர்க்கும் உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், வலிப்பு உள்ளோர்க்கும் ஏற்றவையல்ல.

மிகையான வாக்குறுதியும் தவிர்க்கத் தக்கதே. நாள்பட்ட கீழ்முதுகு வலியைப் பற்றி 2017-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிடுகையில் யோகம் செய்தவர்களின் இயக்கத் திறன் சிறிதளவு முதல் மிதமான அளவு வரை மேம்பட்டதைக் கண்டது. அதே ஆய்வு, சிலருக்கு முதுகுவலி கூடியதையும் மறைக்கவில்லை. யோகம் உதவும், ஆனால் மருந்துக்கு மாற்றாகாது. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்பவர், வகுப்பில் சேர்ந்ததைக் காரணம் காட்டித் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. இதைச் சொல்வது ஆசிரியரின் கடமை.

பெரியோர் வகுப்பு

சுகாதார மையங்களிலும் மகளிர் குழுக்களிலும் வகுப்பு நடத்தும் கள ஊழியர்கள் முன் கூடுவோர், பெரும்பாலும் பகலெல்லாம் உடலுழைப்பு செய்தவர்கள். நாற்று நட்டு வந்த முதுகுக்கு முன்குனிதல் ஓய்வாகாது. மல்லாந்து கிடந்து முழங்கால்களை மடக்கி மூச்சைக் கவனிப்பதே அதற்கு உரியது. தரையில் அமர இயலாதவருக்கு நாற்காலியும், நிற்கையில் தடுமாறுபவருக்குச் சுவரும் துணையாகட்டும். நாற்காலியில் அமர்ந்து கைகளை உயர்த்தி இறக்குவதும் மூச்சோடு இசைந்து செய்யப்படுமாயின் முழுமையான ஆசனமே. படுத்திருந்து எழும்பொழுது பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி மெல்ல எழச் செய்ய வேண்டும். திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து முதியோர் விழக்கூடும்.

ஒரு சிறு பதிவேடு

வகுப்பு பயன் தருகிறதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. விநாடிமுள் உள்ள கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். மாணவரை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் மற்றவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் செய்க. தன் மூச்சைத் தானே எண்ணினால் அதன் இயல்பான நடை மாறிவிடும். ஆகவே பிறர் எண்ணுவதே சரியான முறை. பாடத்துக்கு முன்னும் சவாசனத்துக்குப் பின்னும் எண்ணிப் பெயருக்கு நேரே குறித்து வருக. ஒரு நாள் எண்ணிக்கையிலிருந்து எதையும் முடிவு செய்யலாகாது. ஒரு பருவம் முழுவதும் குறித்து வந்தால், பாடத்துக்குப் பின் யாருடைய மூச்சு தணிகிறது, யாருடையது தணியவில்லை என்பது தெரியும். தணியாதவர்களே ஆசிரியரின் கவனத்துக்கு உரியவர்கள். அவர்கள் மிகையாக முயல்கிறார்களோ, நோயுற்றிருக்கிறார்களோ, வீட்டில் கவலைப்படுகிறார்களோ என்று விசாரித்தறியலாம்.

இப்பதிவேடு மாணவரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பெண் வழங்குவதற்கன்று. யோகத்தில் போட்டி புகுந்தால் முதலில் வெளியேறுவது சுகம். அதைத் தொடர்ந்து மூச்சின் ஒழுங்கும் வெளியேறும். எஞ்சி நிற்பது உருவம் மட்டுமே. அதற்குச் சுவர்ப்படமே போதும். தன் உடலின் எல்லையைத் தானே அறிந்து அங்கு அமைதியாக நிற்கவும், வேண்டியபோது மூச்சை நீட்டி மனத்தைத் தணிக்கவும் ஒரு சிறுவன் கற்றுக்கொண்டானானால், தேர்வு நாளிலும், பின்னர் வாழ்க்கையின் இடர்ப்பாடுகளிலும் அக்கல்வி அவனுக்குத் துணை நிற்கும். கால்விரலைத் தொட இயலாதவனும் அக்கல்வியை முழுமையாகப் பெற முடியும்.